இடம் மாறும் சிறிய அலுவலகத்துக்கு ஓமாடா நெட்வொர்க் சாதனங்கள்: ஒரு மதிப்பீடு

எங்கள் அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறுவது உறுதியானதும், பழைய இடத்தில் ஆண்டுக்கணக்காக ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்த நெட்வொர்க்கை அப்படியே கழற்றிக் கொண்டுபோய் மாட்டுவதா, அல்லது முதலிலிருந்து அமைப்பதா என்ற கேள்வி எழுந்தது. முதலிலிருந்து அமைப்பதென்று முடிவெடுத்து, டிபி-லிங்க் நிறுவனத்தின் ஓமாடா வரிசைச் சாதனங்களை வாங்கினோம். இருபது பேருக்கும் குறைவானவர்கள் பணிபுரியும், ஐடிக்கென்று தனி ஊழியர் இல்லாத அலுவலகங்களை மனத்தில் வைத்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். இவற்றின் வேகத்தை அளந்து பலர் எழுதியிருக்கிறார்கள். இடமாற்றம் என்ற நெருக்கடியான வேளையில் இவை எந்த அளவுக்குக் கைகொடுக்கின்றன என்பதைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. என் அனுபவத்தில் இவற்றின் உண்மையான மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

வாங்கியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இணைய இணைப்பை வாங்கி உள்ளே பகிர்வதற்கு இஆர்605 ரவுட்டர். மேசைகளில் உள்ள கணினிகளைக் கேபிளால் ஒன்றிணைக்க டிஎல்-எஸ்ஜி2218 ஸ்விட்ச். கேமராக்கள், ஐபி தொலைபேசிகள், வைஃபை ஆகியவற்றுக்கு மின்சாரத்தையும் கேபிள் வழியாகவே அனுப்பும் (பிஓஇ எனப்படும் வசதி) டிஎல்-எஸ்ஜி2210பி ஸ்விட்ச். வைஃபை அலையைப் பரப்ப, கூரையில் பொருத்தும் இஏபி610 அக்சஸ் பாயின்ட்கள். இவை எல்லாவற்றையும் ஒரே திரையிலிருந்து நிர்வகிக்கும் ஓசி200 என்ற சிறிய கன்ட்ரோலர் பெட்டி. இஆர்605இல் வைஃபை கிடையாது என்பதை வாங்குவதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டும். வீட்டு ரவுட்டர்களுக்குப் பழகியவர்கள் ஆன்டெனா எங்கே என்று தேடக்கூடும். ரவுட்டர் ஒரு மூலையில், சாதனங்களைத் திருகிவைக்கும் ராக்கினுள் அடைந்து கிடக்க, வைஃபை அலை பரவ வேண்டிய இடத்தில் அக்சஸ் பாயின்ட் தனியாக நிற்பதே அலுவலகத்துக்குப் பொருத்தமான ஏற்பாடு.

இந்தச் சாதனங்களைத் தனித்தனியாகவும் அமைக்கலாம். ஆனால் கன்ட்ரோலரின்கீழ் கொண்டுவந்த பிறகு, உள் நெட்வொர்க்கின் முகவரி வரம்பு, வைஃபை பெயர்கள், கடவுச்சொற்கள், எந்தப் போர்ட் எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பன அனைத்தும் கன்ட்ரோலரில் ஒரே இடத்தில் பதிவாகி, அங்கிருந்து ஒவ்வொரு சாதனத்துக்கும் அனுப்பப்படுகின்றன. இடம் மாறுகிறவர்களுக்கு இதனால் கிடைக்கும் நன்மை பெரியது. பழைய அலுவலகம் வழக்கம்போல் இயங்கிக்கொண்டிருக்கும்போதே, புதிய சாதனங்கள் எல்லாவற்றையும் ஒரு மேசையில் பரப்பி, குட்டையான பேட்ச் கேபிள்களால் இணைத்து, புதிய அலுவலகத்தின் நெட்வொர்க் முழுவதையும் அந்த மேசைமீதே இயக்கிப் பார்த்துவிட முடிகிறது. ஒரு மடிக்கணினி, ஒரு தொலைபேசி, ஒரு கேமரா ஆகியவற்றை மாட்டி, ஒவ்வொன்றுக்கும் சரியான முகவரி கிடைக்கிறதா, போகக்கூடாத இடத்துக்குப் போக முடியாமல் தடுக்கப்படுகிறதா என்று நிதானமாகச் சோதித்தோம். குடிபெயர்ந்த நாளில் எஞ்சியிருந்தது ராக்கில் திருகுவதும் கேபிள்களைச் செருகுவதும் மட்டுமே.

ஆனால் இந்த மேசைச் சோதனையைத் தொடங்கும்போது ஓர் ஒழுங்கைக் கடைப்பிடிப்பது அவசியம். பெட்டியிலிருந்து எடுத்ததும் இஆர்605 ரவுட்டரின் முகவரி 192.168.0.1 என்றிருக்கும், கன்ட்ரோலர் தானாக உருவாக்கி வைத்திருக்கும் உள் நெட்வொர்க்கும் அதே வரம்பில்தான் இருக்கும். உங்கள் அலுவலகம் 192.168.1 என்ற வரம்பில் பழகியிருந்தால், ரவுட்டரை அடாப்ட் செய்வதற்கு, அதாவது கன்ட்ரோலரின்கீழ் சேர்ப்பதற்கு, முன்பாகவே கன்ட்ரோலரில் அந்த வரம்பை மாற்றி வைப்பது நல்லது. முன்பே ரவுட்டரின் சொந்தப் பக்கத்துக்குப் போய் முகவரியை மாற்றிவிட்டு, கன்ட்ரோலரில் மட்டும் பழைய வரம்பை விட்டுவைத்தால், அடாப்ட் செய்த மறுகணம் கன்ட்ரோலர் தன் பதிவில் உள்ளதை ரவுட்டர்மீது எழுதும், முகவரி மாறும், இரண்டும் ஒன்றையொன்று காண முடியாமல் இணைப்பு அறுந்துவிடும். ரவுட்டர், ஸ்விட்ச்கள், அக்சஸ் பாயின்ட்கள் என்ற வரிசையில் ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒன்று இணைந்துவிட்டது என்று திரை காட்டிய பிறகே அடுத்ததைத் தொடுவது பாதுகாப்பானது.

புதிய இடத்தில் புதிய முகவரி வரம்பு வைத்துக்கொள்ளலாம் என்ற ஆசை பலருக்கு வரும். வலுவான காரணம் இல்லாவிட்டால் அதைத் தவிர்த்துவிடுங்கள். அச்சுப்பொறி, கோப்புச் சேமிப்பகம், வருகைப்பதிவுக் கருவி, கணக்கியல் மென்பொருள் இயங்கும் கணினி ஆகியவற்றின் ஐபி முகவரிகள் மற்ற எல்லாக் கணினிகளிலும் எங்கெங்கோ எழுதப்பட்டிருக்கும். அவற்றை மாற்றுவது ஒவ்வொரு மேசையாகப் போய் உட்காரும் வேலை. நாங்கள் பழைய வரம்பையே வைத்துக்கொண்டு, அச்சுப்பொறி முதலியவற்றின் மேக் முகவரிகளை (ஒவ்வொரு கருவிக்கும் உரிய வன்பொருள் எண்) கன்ட்ரோலரில் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் பழைய முகவரியையே டிஹெச்சிபி (தானாக முகவரி வழங்கும் முறை) ஒதுக்கீடாகக் கொடுத்தோம். வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும்கூடப் பழையவையே. அலைபேசிகளும் மடிக்கணினிகளும் எதையும் கேட்காமல் தாமாக இணைந்துகொண்டன. பழைய ரவுட்டரைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை அவசியம். சாமான்களோடு வந்து சேரும் அந்தப் பெட்டியை, ‘கூடுதலாக நான்கு போர்ட் கிடைக்குமே’ என்று யாராவது ஏதேனும் ஒரு மேசைக்கடியில் மாட்டிவிட்டால், அதுவும் முகவரி வழங்கத் தொடங்கிவிடும். சில கணினிகள் புதிய ரவுட்டரையும் சில கணினிகள் பழையதையும் நம்பும். இணையம் சிலருக்கு வரும், சிலருக்கு வராது. பழைய ரவுட்டரை லாரியில் ஏற்றும் முன்பே தனியாக எடுத்து வைத்துவிடுவது உத்தமம்.

கேபிள் வேலை வேறு ஒருவருடையது. அதன் குறைக்கு இந்தச் சாதனங்கள் பொறுப்பல்ல. ஆயினும் அந்தக் குறையைக் காட்டிக்கொடுத்தது இவைதான் என்பதால் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. புதிய கட்டடத்தில் சுவருக்குள் கேட் 6 கேபிள் இழுத்த ஒப்பந்ததாரர், ஒவ்வொரு சாக்கெட்டிலும் ஒரு மடிக்கணினியைச் செருகி, இணையம் வருவதைக் காட்டிவிட்டு வேலை முடிந்தது என்று கையெழுத்துக் கேட்டார். இணையம் வருகிறது என்பது கேபிள் சரியாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. கேபிளுக்குள் இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு இணைக் கம்பிகள் இருக்கின்றன. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு அவற்றில் இரண்டு இணைகளே போதும். 1999இல் தரப்படுத்தப்பட்ட கிகாபிட் ஈதர்நெட்டுக்கு நான்கும் வேண்டும். ஆகவே ஓர் இணை அறுந்திருந்தாலும் ஸ்விட்ச் வேகத்தைக் குறைத்துக்கொண்டு இணைப்பைத் தொடர வழியுண்டு. பக்கங்கள் திறக்கும், மின்னஞ்சல் போகும், பெரிய கோப்பு ஒன்றை உள் சேமிப்பகத்துக்கு அனுப்பும்போதுதான் மந்தம் தெரியும்.

கன்ட்ரோலரில் ஸ்விட்சின் படத்தைத் திறந்தால் ஒவ்வொரு போர்ட்டும் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்பது தெரிகிறது. ஒரு போர்ட் மட்டும் 100இல் நின்றது. கணினியை மாற்றினோம், பேட்ச் கேபிளை மாற்றினோம், ஸ்விட்சில் வேறு போர்ட்டுக்கு நகர்த்தினோம். வேகம் அந்தச் சாக்கெட்டோடேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்விட்சில் உள்ள கேபிள் சோதனையை ஓட்டியபோது, கடைசி இணை திறந்து கிடப்பதாகவும், முறிவு கேபிளின் மறுமுனைக்கு அருகில் இருப்பதாகவும் காட்டியது. சுவர்ச் சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால், 7, 8 என்ற எண்களுக்குரிய பழுப்பு நிற இணையில் ஒரு கம்பி, அதைக் கவ்வும் வெட்டுப்பல்லுக்குள் இறங்காமல் அதன் உதட்டில் உட்கார்ந்திருந்தது. பார்வைக்குச் செருகியது போலவே இருந்தது. போதாததற்கு, எல்லா இணைகளின் முறுக்கும் ஒரு விரல் நீளத்துக்குப் பிரிக்கப்பட்டிருந்தது. முறுக்கைப் பிரிப்பது அரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்பது இந்தத் தொழிலின் அடிப்படை விதி. ஏனெனில், ஓர் இணையின் சமிக்ஞை அடுத்த இணையில் கலக்காமல் காப்பது அந்த முறுக்கே. நுனியை வெட்டி, பஞ்ச் டூலால் மீண்டும் அழுத்தியதும் போர்ட் கிகாபிட்டுக்கு ஏறியது. ஒப்பந்ததாரரிடம் கேபிள் சோதனை அறிக்கை கேளுங்கள் என்பதே இதிலிருந்து நான் சொல்லக்கூடியது. சாக்கெட்டில் எழுதிய எண்ணும், சுவர்க் கேபிள்கள் ராக்கில் வந்து முடியும் பேட்ச் பேனலில் எழுதிய எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதையும் இறுதித் தொகை கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். சுவருக்குள் ஓடும் கேபிள் 90 மீட்டருக்குள்ளும், இருமுனைப் பேட்ச் கேபிள்களையும் சேர்த்து 100 மீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்ற வரம்பைச் சிறிய அலுவலகங்கள் தொடுவது அரிது.

டிஎல்-எஸ்ஜி2210பி ஸ்விட்ச் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வாங்குபவர்கள் தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்புள்ள சாதனம் இதுவே. எட்டு போர்ட்களும் பிஓஇ வசதி கொண்டவை, ஒவ்வொன்றும் 802.3ஏடி தரப்படி 30 வாட் வரை தர வல்லது. ஆனால் எட்டும் சேர்ந்து தரக்கூடிய மொத்த மின்சாரம் 61 வாட் மட்டுமே. அட்டைப்பெட்டியில் இரண்டு செய்திகளும் இருக்கின்றன. கடையில் நிற்கும்போது கண் முதல் எண்ணில்தான் நிற்கிறது. 2003ஆம் ஆண்டின் 802.3ஏஎஃப் தரம் போர்ட்டுக்கு 15.4 வாட் என்றது, 2009இல் வந்த ஏடி தரம் அதை 30 ஆக்கியது; இஏபி610 கேட்பது இந்த இரண்டாவது தரத்தை. அக்சஸ் பாயின்ட்கள், தொலைபேசிகள், கேமராக்கள் ஒவ்வொன்றின் உச்ச மின் தேவையையும் அவற்றின் விவரத்தாளிலிருந்து எடுத்துக் கூட்டிப் பார்த்து, 61க்குக் கீழே கணிசமான இடம் மிஞ்சுகிறதா என்று உறுதிசெய்த பிறகே வாங்க வேண்டும். கேமராக்கள் விஷயத்தில் பகலில் எடுக்கும் அளவை நம்பக்கூடாது. இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும்போது அவற்றின் தேவை கூடுகிறது. மொத்தம் வரம்பைத் தாண்டினால், முன்னுரிமை குறைந்த போர்ட்டின் மின்சாரத்தை ஸ்விட்ச் நிறுத்திவிடும். எது முதலில் அணைய வேண்டும் என்பதை ஸ்விட்சில் நாமே தீர்மானிக்கலாம். அக்சஸ் பாயின்ட்களுக்கு உயர்ந்த முன்னுரிமை கொடுத்தோம். கேமராக்கள் அதிகம் வைக்கத் திட்டமிடுபவர்கள் இந்த மாதிரியை விட்டுவிட்டு, கூடுதல் வாட் கொண்ட பெரிய ஸ்விட்சைப் பார்ப்பதே சரி. இதில் விசிறி இல்லாதது, ராக் உட்காரும் அறையும் ஆட்கள் உட்காரும் அறையும் ஒன்றாகவே இருக்கும் அலுவலகங்களுக்குப் பெரிய ஆறுதல்.

ஊழியர்கள், விருந்தினர்கள், கேமராக்கள் என்று நெட்வொர்க்கை மூன்று விலான்களாக, அதாவது அதே சாதனங்களில் இயங்கும் தனித்தனிப் பிரிவுகளாக, பிரித்தோம். பிரிப்பது எளிது, ஒரு பெயர், ஒரு எண், ஒரு முகவரி வரம்பு கொடுத்தால் போதும். ஆனால் பிரித்ததாலேயே அவை ஒன்றையொன்று அணுக முடியாமல் போய்விடும் என்று நினைப்பது ஆபத்து. ஓமாடாவில் இயல்பு நிலையில் ரவுட்டர் எல்லா விலான்களுக்கும் இடையே தாராளமாக வழிவிடுகிறது. கேமரா விலானில் மாட்டிய மடிக்கணினியிலிருந்து கணக்குக் கணினிக்குப் பிங் என்ற சோதனைச் செய்தி போகிறது. தடுப்பதற்கு, எது எங்கே போகலாம் என்று சொல்லும் ஏசிஎல் விதிகளை நாமே எழுத வேண்டும். அங்கும் ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்விட்ச் மட்டத்தில் எழுதும் விதி, கேள்வி எது, அதற்கான பதில் எது என்று நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் தனித்தனியாகவே எடைபோடுகிறது. ஆகவே ‘கேமராக்கள் ஊழியர் பிரிவுக்குப் போகக்கூடாது’ என்று ஒரே ஒரு விதி எழுதினால், ஊழியர் ஒருவர் கேமராவின் படத்தைப் பார்க்க முயலும்போது கேமரா அனுப்பும் பதிலும் அந்த விதியிலேயே முட்டி நிற்கும். காட்சியைப் பதிவுசெய்யும் பெட்டிக்கு மட்டும் அனுமதி கொடுக்கும் விதியை மேலேயும், பொதுத் தடையைக் கீழேயும் வைப்பது எங்களுக்குப் பொருந்தியது. விருந்தினர் வைஃபைக்கு இவ்வளவு பாடு இல்லை. அந்த வைஃபைப் பெயரின் அமைப்பில் விருந்தினர் நெட்வொர்க் என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், அலுவலகத்தின் உள் முகவரி வரம்புகளை எட்ட முடியாமல் அதுவே தடுத்துவிடுகிறது. இரண்டு வேலைகளுக்கும் இடையே உள்ள இந்த எளிமை வேறுபாட்டைப் பார்க்கும்போது, விலான்களுக்கும் இப்படியொரு கட்டம் வைத்திருக்கலாமே என்ற ஏக்கம் வருகிறது.

வைஃபையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இஏபி610 வைஃபை 6 தரத்தைச் சேர்ந்தது. இருக்கையிலிருந்து கூட்ட அறைக்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது காணொளி அழைப்பு அறுபடாமல் தொடர்ந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைவரிசைகளை 1, 6, 11 ஆகிய ஒன்றன்மீது ஒன்று படியாத மூன்றுக்குள் நிறுத்தி, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வைத்து, ஒலிபரப்பு வலிமையை நடுத்தரமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். வலிமையை உச்சத்தில் வைத்தால் தொலைவில் உள்ள கருவிகள் முன்பு இணைந்த அக்சஸ் பாயின்டை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

இணைய இணைப்பு மாறும்போது இஆர்605இன் இன்னொரு நல்ல குணம் வெளிப்பட்டது. அதன் ஐந்து போர்ட்களில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றை இணைய இணைப்புக்கென ஒதுக்க முடியும். இரண்டாம் பதிப்பில் யுஎஸ்பி மோடமும் செருகலாம். புதிய கட்டடத்தில் ஃபைபர் இணைப்பு சொன்ன தேதியில் வராமல் போவது எல்லா ஊர்களிலும் நடப்பதுதான். அந்த இடைவெளியை ஒரு மொபைல் மோடத்தால் நிரப்பி, ஃபைபர் வந்ததும் அதையே முதன்மையாக்கி, மோடத்தை மாற்று வழியாக வைத்துக்கொள்ளலாம். பொது ஐபி முகவரி மாறுவதால் வரும் வேலைகளை ரவுட்டர் செய்துதராது. விபிஎன்னில் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்கு வரும் பாதுகாப்பான வழி) பதிந்த முகவரி, வெளி நிறுவனங்களின் அனுமதிப் பட்டியலில் உள்ள உங்கள் முகவரி, பெயரை ஐபி முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவுகள் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு முன்கூட்டியே சொல்லியனுப்ப வேண்டும். டிஎன்எஸ் பதிவின் டிடிஎல் மதிப்பை (மற்ற கணினிகள் அந்தப் பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரம்) மாறுவதற்கு ஓரிரு நாட்கள் முன்பாகவே 300 வினாடிக்குக் குறைத்துவிட்டால், மாற்றம் சில நிமிடங்களில் பரவும்.

ஓசி200 தேவைதானா என்று கேட்பவர்களுக்கு: கட்டாயமில்லை. அதே கன்ட்ரோலர் மென்பொருளை எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு விண்டோஸ் அல்லது லினக்ஸ் கணினியில் கட்டணமின்றி நிறுவலாம். கன்ட்ரோலர் அணைந்திருந்தாலும் ரவுட்டரும் ஸ்விட்ச்களும் வைஃபையும் கடைசியாகப் பெற்ற அமைப்போடு தொடர்ந்து இயங்குகின்றன. விருந்தினர்களுக்கான நுழைவுப் பக்கம் போன்ற சிலவே நிற்கும். இருந்தாலும், அப்படியொரு கணினியைப் பராமரிக்க ஆளில்லாத அலுவலகத்துக்குத் தனிப் பெட்டி வாங்குவதையே பரிந்துரைக்கிறேன். அதற்கான மின்சாரமும் பிஓஇ ஸ்விட்சிலிருந்தே கிடைத்துவிடும். அதன் போர்ட்கள் 100 எம்பிபிஎஸ் வேகம் கொண்டவை என்பதைக் கண்டு தயங்க வேண்டாம். அலுவலகத்தின் தரவு எதுவும் அதன் வழியே போவதில்லை. ராக் முழுவதையும் யுபிஎஸ்ஸில் வைத்து, கன்ட்ரோலரின் பேக்கப் கோப்பை வேறொரு கணினியிலும் சேமித்து வையுங்கள். அந்த ஒரு கோப்பு கையில் இருந்தால், பெட்டி பழுதானாலும் புதிய பெட்டியில் அதை ஏற்றி அதே நெட்வொர்க்கைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம்.

பத்து கிகாபிட் தேவைப்படும் காணொளித் தொகுப்பு அலுவலகங்களுக்கு நான் சொன்ன இந்தக் கூட்டணி போதாது. இரண்டு ஸ்விட்ச்களிலும் ஃபைபர் இணைப்புக்கென உள்ள எஸ்எஃப்பி துளைகள் கிகாபிட் வரைதான். ஐந்தாறு பேர் மட்டும் வைஃபையிலேயே வேலை செய்யும் இடத்துக்கு இது மிகை. நல்லதொரு ரவுட்டர் ஒன்றே போதும். இடையில் உள்ள, ஒரு ராக்கும் சில கேமராக்களும் இருபதுக்குட்பட்ட மேசைகளும் கொண்ட அலுவலகத்துக்கு, அதிலும் ஒரு வார இறுதிக்குள் மாறி முடிக்க வேண்டிய அலுவலகத்துக்கு, இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். வாங்கும்போது பெட்டியின் ஒட்டுத்தாளில் மாதிரிப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பதிப்பு எண்ணைக் கவனியுங்கள். ஒரே பெயரில் வரும் இருவேறு பதிப்புகளுக்குள் வசதிகள் மாறுபடுகின்றன. சாதனத்துக்குள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேரும் பதிப்புக்கேற்பத் தனித்தனி. மேசைச் சோதனையைத் தொடங்கும் முன்பு எல்லாவற்றின் ஃபர்ம்வேரையும் புதுப்பித்துவிட்டால், குடிபெயரும் வாரத்தில் எதையும் புதுப்பிக்க வேண்டிய அவசியம் இராது.